ஒன்றரை வயது மகளோடு மே மாதம் ஊட்டி, கொடைக்கானல், பழனி: போகலாமா?

போகலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டப்படி வேண்டாம்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 18 மாதம். கணவருக்கு மே இரண்டாவது வாரத்தில் ஐந்து நாள் லீவு. சென்னையிலிருந்து சொந்தக் காரில் ராத்திரி கிளம்பி ஊட்டி, அங்கே இரண்டு நாள், அப்படியே கொடைக்கானல், இறங்கும் வழியில் பழனியில் முதல் மொட்டை, பிறகு வீடு. மாமியாரோ, “கத்தரி வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், அவளுக்கு என்ன தெரியப் போகிறது” என்கிறார். நீங்கள் மகள் பிறந்ததிலிருந்து எங்குமே போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏக்கம் நியாயமானது. தாய் நாலு நாள் வெளிக்காற்று வாங்கிவிட்டு வருவது பிள்ளைக்கும் நல்லது.

நான் கோவையில் குழந்தை மருத்துவர். சீசனில் மலையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வரும் குழந்தைகளைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ஓயாத அழுகை என்று வருவார்கள். பெற்றோர் குளிரைக் குற்றம் சொல்வார்கள். விசாரித்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் நாள் பத்து மணி நேரம் காரில், மறுநாள் காலையிலிருந்து ஏழெட்டு ‘பாயிண்ட்’, மத்தியானத் தூக்கம் கிடையாது, சாப்பாடு மூன்று மணிக்கு. இந்த வயதில் குழந்தைக்கு ஊர் முக்கியமில்லை. எந்த நேரத்துக்குத் தூங்கும், எந்த நேரத்துக்குச் சாப்பிடும், யார் மடியில் இருக்கும் என்பதுதான் முக்கியம். அந்த ஒழுங்கைக் கெடுக்காமல் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். சென்னை–ஊட்டி சுமார் 560 கிலோமீட்டர். ஊட்டி–கொடைக்கானல் இன்னொரு 250, அதில் ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏற வேண்டும். கொடைக்கானலிலிருந்து பழனி, பழனியிலிருந்து சென்னை என்று கூட்டினால் 1,300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஐந்து நாளில் பாதி விழித்த நேரம் காருக்குள்ளேயே போய்விடும். ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, ஒரே அறையில் மூன்று ராத்திரி தங்குங்கள். இரண்டாவது நாள் அந்த அறை அவளுக்கு வீடாகிவிடும். பிறகு பாருங்கள், நீங்களும் ஓய்வெடுப்பீர்கள்.

எந்த ஊர்? என் வாக்கு குன்னூருக்கு. இல்லாவிட்டால் கோத்தகிரி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மே மாத ராத்திரியிலும் 11, 12 டிகிரிக்கு இறங்கும். குன்னூர் அதைவிட 400 மீட்டர் தாழ்வு, குளிர் மிதமாக இருக்கும். சென்னை வெயிலிலிருந்து வரும் குழந்தை ஒரே நாளில் பழகிவிடும். ஊட்டியில் மே மாதம் மலர்க் கண்காட்சி. தாவரவியல் பூங்காவில் பூவைவிடத் தலைகள் அதிகம் தெரியும் நாட்கள் அவை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நிற்பதில் யாருக்கும் சுகமில்லை.

இன்னொன்று, கணவரின் லீவைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கோடை விடுமுறைக்குக் கட்டுப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மலையில் கூட்டம் வடிந்துவிடும், அறை வாடகையும் இறங்கும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், ஊட்டிப் பக்கம்தான் பலமாகப் பிடிக்கும். கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அதனால் ஜூன் இரண்டாவது வாரம் இந்த இரண்டு ஊருக்கும் அருமையான நேரம். சென்னையில் அப்போதும் கொளுத்தும், எனவே தப்பித்துப் போகும் காரணமும் அப்படியே இருக்கும். மே மாதம்தான் என்றால் செவ்வாயிலிருந்து வெள்ளி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

கார் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ‘வெயிலுக்கு முந்தி ராத்திரி ஓட்டிவிடலாம், குழந்தையும் தூங்கிவிடும்’ என்ற யோசனையைக் கைவிடுங்கள். பகலெல்லாம் ஆபீஸில் வேலை பார்த்தவர் விடிகாலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் ஸ்டியரிங் பிடிப்பதைவிட ஆபத்தான நேரம் நெடுஞ்சாலையில் கிடையாது. முன் சீட்டில் அம்மா மடியில் குழந்தை என்பது இன்னும் மோசம். ஏர்பேக் வெடித்து வரும் வேகத்தில் அது பெரியவரைக் காப்பாற்றும், மடியில் இருக்கும் குழந்தையை நசுக்கும். உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவதும் அதே அளவு தவறு. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது. ஊரில் யாரும் பிடிப்பதில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். கார்தான் என்றால் பின் சீட்டில் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை, பகல் பயணம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறக்கி நடக்கவிடுவது, வழியில் சேலத்தில் ஒரு ராத்திரி. நிறுத்திய காருக்குள் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விட வேண்டாம். வெயிலில் நிற்கும் கார் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

நான் சொல்லும் வழி ரயில். சென்னை சென்ட்ரலிலிருந்து ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் மேல் மேட்டுப்பாளையம் சேரும். ஐந்நூறு கிலோமீட்டரை அவள் தூங்கியே கடந்துவிடுவாள். மிச்சம் மலைப்பாதை மட்டும்தான். ஐந்து வயது வரை தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. முன்பதிவின்போது குழந்தையின் பெயரைக் கைக்குழந்தை என்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள். கீழ் பெர்த்தில் அவள் சுவர்ப்பக்கம், நீங்கள் வெளிப்பக்கம். பெர்த் சங்கிலியில் சேலையைக் கட்டித் தூளி போடுவதைப் பலரும் செய்கிறார்கள். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கினால் முடிச்சு நழுவும், குழந்தை விழும் உயரமும் அதிகம். வேண்டாம். ஏசி பெட்டியில் விடியற்காலை நல்ல குளிர் அடிக்கும். கால் மூடிய பைஜாமாவும் மெல்லிய பருத்திச் சட்டைக்கு மேல் இன்னொன்றும் போதும்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் எல்லோருக்கும் மலை ரயில் ஆசை வரும். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதை, கல்லாறிலிருந்து பல்சக்கரத்தில் ஏறும் நீராவி எஞ்சின், பார்க்காமல் விடுவதா என்று தோன்றும். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நெருக்கமான இருக்கை, நடுவில் நடக்க இடமில்லை. நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு அது தண்டனை. குன்னூருக்கு டாக்ஸியில் போய்விட்டு, இன்னொரு நாள் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் ரயிலில் போங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அவளுக்கு அலுப்பு வருமுன் ஊர் வந்துவிடும்.

அதைவிட நல்ல காட்சி ஒன்று குன்னூர் ஸ்டேஷனிலேயே இருக்கிறது. கீழிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நீராவி எஞ்சினை அங்கே கழற்றி, டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். மாட்டிய வண்டி கிளம்பிப் போனாலும் நீராவி எஞ்சின் பக்கத்துத் தண்டவாளத்தில் புகை விட்டுக்கொண்டு நிற்கும், தண்ணீர் பிடிக்கும், முன்னும் பின்னும் போகும். ஒன்றரை வயதுக் குழந்தை அதைப் பார்க்கும்போது முகத்தைப் பாருங்கள். விசில் அடித்தால் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், உடனே இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று கையை நீட்டும். முக்கால் மணி நேரம் அலுக்காமல் நிற்கும். மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள். “அவளுக்கு என்ன தெரியப் போகிறது” என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். பத்து வருடம் கழித்து அவளுக்கு நினைவிருக்காது, உண்மைதான். அன்றைக்கு அவளுக்கு எல்லாம் தெரியும்.

டாக்ஸியில் ஏறும்போது பின் சீட். மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பர்லியாறு வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வயதுக்குக் கீழே பயண வாந்தி பொதுவாக வராது, அது பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேல் ஆரம்பிக்கும். ஆகவே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரியவர்களின் வாந்தி மாத்திரையைக் கால் துண்டு உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பயண வாந்திக்கு நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் ப்ரோமெத்தசின் வகை மாத்திரை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது. மூச்சையே மந்தமாக்கிவிடும். மலை ஏறும்போது காது அடைத்துக்கொண்டு அழுதால் பால் கொடுங்கள், இல்லை ஒரு வாய் தண்ணீர். விழுங்கினால் திறந்துகொள்ளும். சீசனில் போலீஸ் பாதையை ஒருவழியாக்குவது உண்டு, ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று. திரும்பும் நாளில் நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காரில் போனால் இ-பாஸ் மறக்கக் கூடாது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் போனால் இந்தத் தலைவலியே இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். இரண்டு ஸ்டீல் பாட்டில், ஒரு ஃபிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் தண்ணீர் ஏடிஎம் உண்டு, ஆனால் குழந்தைக்குத் தங்கும் இடத்தில் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரே போதும்.

குன்னூரில் ஒரு நாளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்குச் சிம்ஸ் பூங்கா. 1874-இல் அமைத்த பூங்கா, சரிவில் இருப்பதால் தள்ளுவண்டி பயன்படாது, நடக்கவிட்டுத் தூக்கிக்கொள்ளுங்கள். புல்லில் உட்காரவைத்தால் அதுவே அவளுக்குப் பெரிய வேலை. பத்தரைக்கு அறைக்குத் திரும்பி, குளியல், சாப்பாடு, தூக்கம். அந்தத் தூக்கத்தை எந்தக் காட்சி முனைக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நாலு மணிக்குத் தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஒரு நடை. அவ்வளவுதான். டால்ஃபின் நோஸுக்கும் லாம்ப்ஸ் ராக்குக்கும் கணவர் தனியாகப் போய்விட்டு வரட்டும், மறுநாள் நீங்கள் போங்கள்.

குரங்குகளிடம் எச்சரிக்கை. மலைப்பாதையிலும் பூங்காவிலும் குழந்தையின் கையில் பிஸ்கட் இருந்தால் குரங்கு நேராக அதன் உயரத்துக்குத்தான் வரும். கீறினாலும் கடித்தாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். ‘சின்னக் கீறல்தானே’ என்று ஊர் திரும்பும் வரை தள்ளிப்போடக் கூடாது.

குளிர் என்றதும் நம் வீடுகளில் ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா என்று அடுக்கிவிடுவோம். கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் துணி அதிகம். மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு போட்டு, வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றுவது நல்லது. மலையில் காற்று குளிர்ந்தாலும் வெயில் கீழே இருப்பதைவிடச் சுடும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. அகல விளிம்புத் தொப்பி அவசியம். ராத்திரி அறைக்குள் கரி அடுப்பு, கணப்புச் சட்டி எதையும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தாதீர்கள். அதன் புகையில் வாசனையே இல்லாத நச்சுவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை ஊர்களில் இப்படி நடந்திருக்கிறது.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். சூடான இட்லி, குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், வாழைப்பழம், வீட்டிலிருந்து எடுத்துப் போன சத்துமாவு. ஃபிளாஸ்க் வெந்நீரில் ஐந்து நிமிடத்தில் கஞ்சி தயார். தாய்ப்பால் கொடுப்பவரென்றால் பயணம் முடியும் வரை நிறுத்தாமல் இருங்கள், அதைவிடச் சுத்தமான உணவு வழியில் கிடையாது. பெரிய பஸ் நிலையங்களில் 2015-இலிருந்து பாலூட்டும் அறைகள் இருக்கின்றன, தயங்காமல் கேளுங்கள். மலையோரக் கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்கும் பிஞ்சுக் கேரட்டை வாங்கிக் குழந்தையின் கையில் கொடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பச்சைக் கேரட், வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாதாம் பதித்த சாக்லேட் எல்லாம் இந்த வயதில் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும் பொருட்கள். கேரட்டை வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

மருந்துப் பையில் நாலு சாமான் போதும். பாராசிட்டமால், ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட், தெர்மாமீட்டர், டயப்பர் புண்ணுக்கு ஜிங்க் ஆக்சைடு க்ரீம். பாராசிட்டமாலை வீட்டில் வழக்கமாகக் கொடுக்கும் அதே பாட்டிலாக எடுத்துப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பாக இருந்தால் அது 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளதாக இருந்தால் 3 மில்லி. 1 மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தாக இருந்தால் ஒன்றரை மில்லிதான். பாட்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ‘ஆறு மில்லிதானே வழக்கம்’ என்று சொட்டு மருந்தை ஆறு மில்லி ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். ராத்திரி, புது ஊர், அழும் குழந்தை, மங்கலான விளக்கு, இந்த நேரத்தில்தான் இது நடக்கிறது. அளவைக் காகிதத்தில் எழுதிப் பாட்டிலில் ஒட்டிவிடுங்கள். இருமலுக்கோ சளிக்கோ சிரப் எதுவும் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய அரசே அறிவுறுத்தியிருக்கிறது.

ஓஆர்எஸ் என்றால் தூள் பாக்கெட். அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்கள் அதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாத பானங்களில் அந்தப் பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் உத்தரவு போட்டது. பாக்கெட்டில் 200 மில்லியா ஒரு லிட்டரா என்று படித்து, முழுப் பாக்கெட்டையும் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறை வயிற்றால் போனதும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, கண் உள்வாங்கிவிட்டது, எழுப்பினாலும் சுணங்கிக் கிடக்கிறாள், மூச்சு வேகமாக இருக்கிறது, இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். குன்னூரிலேயே அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது. 108 மலையிலும் வரும்.

பழனி மொட்டையை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். குளிரிலிருந்து இறங்கிய அன்றே, மே மாத மத்தியானத்தில், புதிதாக மழித்த தலையோடு சுடுகல்லில் நிற்பது ஒன்றரை வயதுக்கு மிகவும் அதிகம். அதோடு, உங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும் என்றால் உங்கள் அண்ணனின் லீவையும் பார்க்க வேண்டுமே. வெயில் தணிந்த ஒரு மாதத்தில் சென்ட்ரலிலிருந்து பழனி வழியாகப் பாலக்காடு போகும் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிந்ததும் ஊரில் இருப்பீர்கள். காலை வேளையிலேயே மொட்டையை முடித்து, விஞ்சில் ஏறி, வெயில் வருமுன் இறங்கிவிடலாம். மொட்டைக்கான கட்டணம் 2021-இலேயே ரத்தாகிவிட்டது. புது பிளேடை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மாமன் ஒரு கையால் நெற்றியையும் இன்னொரு கையால் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள, நீங்கள் எதிரில் உட்கார்ந்து அவள் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருங்கள். சந்தனம் பூசுவது குளிர்ச்சிதான், வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது பருத்தித் தொப்பி.

மாமியாரையும் குன்னூருக்கு அழைத்துப் போங்கள். குழந்தை தூங்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் நீங்கள் இருவரும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வரலாம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. சீசனில் நீலகிரி எக்ஸ்பிரஸ் முதல் நாளே நிரம்பிவிடும். காலை எட்டு மணிக்கே உட்காருங்கள். ஐஆர்சிடிசியில் பயணிகள் விவரத்துக்குக் கீழே, குறைந்தது ஒரு கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்ற தெரிவு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.